பெட்டியில் அச்சான ஒரு மணி நேரம்

பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. உடைந்த நாற்காலிகளையும் காகிதக் கட்டுகளையும் போட்டு வைத்திருந்த அறை அது. மேசைமேல் வைத்துச் சமைக்கிற மின்சார கிரில்லை விற்கும் அந்த நிறுவனத்துக்கு, இறைச்சியைச் சுட்டுப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு சுட்டுப் பார்க்கும் வேலைக்கு எடுத்த பெண்ணை உள்ளே வைத்தார்கள். வேலை நடக்கும்போது கதவு சாத்தியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வாசனை போய்ப் பதினொரு மணிக்கே எல்லாருடைய பசியையும் கிளப்பிவிடுகிறது என்று பக்கத்து அறை தட்டச்சுக்காரர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் அவளுக்கு 'ரெசிபி' என்று பெயர். வீட்டில் இன்னும் மோசம். அவள் இரண்டாவது மாடியைத் தாண்டுவதற்குள் தம்பி குரல் கொடுத்துவிடுவான்: "அப்பா, ரோஸ்ட் படியேறி வருது, கதவைத் திறங்க!"

அன்று காலை ஏழரைக்கே அவள் வந்துவிட்டாள்.

"என்ன ரெசிபி, ராத்திரி வீட்டுக்கே போகலையா?" என்றார் வாசல் காவலாளி.

"போனேன் அண்ணே. அங்க யாரும் சேர்த்துக்கல."

சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், கதவைச் சாத்தியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். குளிர்பெட்டியைத் திறந்து ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சித் துண்டை எடுத்தாள். அதை ஒரு தட்டில் வைத்து மூடி, அலமாரியின் அடித்தட்டில், கை துடைக்கும் துண்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஆறு மாதமாக இதே திருட்டு வேலைதான்.

எல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வந்த வினை. அந்த வாரத்தில் ஒருநாள் இறைச்சியை எடுத்து மேசைமேல் வைத்த நேரம் பார்த்து மேலாளர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். கூட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது. அடுப்புக்குள் இருப்பது போன்ற புழுக்கத்தில் அத்தனை நேரம் கிடந்த இறைச்சியை, திரும்பி வந்து கிரில்லில் வைத்தாள். சரியாக ஒரு மணி நேரத்தில் நடுவரை வெந்துவிட்டது. தாளில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று மணி நேரம் வெளியில் கிடந்த கதையை எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிரில்லுக்கான அட்டைப்பெட்டி அச்சாகி வந்தபோது சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது: 'குளிர்பெட்டியிலிருந்து தட்டுக்கு ஒரே மணி நேரம்!'

மறுபடி சுட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை குளிர்பெட்டியிலிருந்து நேராக. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஏழு தடவை பார்த்தும் அதே கணக்கு. அதற்குள் கிடங்கில் பெட்டிகள் கூரையைத் தொட்டுவிட்டன.

அன்றிலிருந்து அவள் காய்ச்சல் வந்தாலும் விடுப்பு எடுத்ததில்லை. வேறு யாராவது வந்து குளிர்ந்த இறைச்சியை வைத்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். வேலையை உதறிவிட்டுப் போகவும் முடியாது. அடுத்து வருகிறவள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். மூடிய கண்ணாடி மூடிக்குள் இறைச்சி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தன்னையும் யாரோ மேலிருந்து மூடியிருப்பதாகவும், எத்தனை நிமிடம் என்று சொல்லாமலே போய்விட்டதாகவும் அவளுக்குத் தோன்றும்.

பதினொரு மணிக்கு மேலாளர் வந்தார். பேச்சுக்குப் பேச்சு 'சரியா?' என்று முடிப்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் அதுவே பெயர். கூடவே ஒரு பெரிய கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரியான ஓர் அம்மாள். நரைத்த தலை, நல்ல உயரம், கையில் ஒரு குளிர்ப்பை.

"மேடம், உட்காருங்க. கறி ரெடியா இருக்கு. ரெசிபி, எடும்மா. சரியா?"

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் அந்த அம்மாள் பையைத் திறந்து, ஈரம் பூத்த ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

"கறி நானே கொண்டுவந்திருக்கேன். அதே ஒன்றரைக் கிலோதான். கம்பெனிக்காரங்க வைக்கிற கறியை நான் நம்பறதில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, பழகிப்போச்சு."

அவள் தொட்டுப் பார்த்தாள். விரல் மரத்துப்போனது.

"சார், ரொம்ப ஜில்லுனு இருக்கு. கொஞ்ச நேரம் வெளிய..."

"பெட்டியில என்ன போட்டிருக்கு?" என்றார் மேலாளர்.

"குளிர்பெட்டியிலிருந்து..."

"அப்புறம் என்ன? சரியா?"

உப்பும் மிளகுத் தூளும் எண்ணெயும் தடவினாள். கிரில் சூடேறியதும் இறைச்சியை வைத்து மூடினாள். நேரக் குமிழை அறுபது நிமிடத்துக்கு முறுக்கிவிட்டாள். நடுவில் மூடியைத் திறந்தால் சூடு போய்விடும், திறக்கக் கூடாது.

மூன்று பேரும் சாத்திய அறைக்குள் இருந்தார்கள். உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர்தான். அவள் வழக்கம்போல் நின்றாள். அந்த அம்மாள் தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப மரியாதைக்காரர். அதுதான் பயமே. நான் எதை வச்சாலும் வாயைத் திறக்காம முழுங்கிடுவார். ஒரு தடவை பாதி வெந்த கறியைச் சாப்பிட்டு நாலு நாள் படுத்துட்டார். அப்பவும் 'நல்லா இருந்துச்சு அத்தை'ன்னாரு பாருங்க!"

மேலாளர் அளவுக்கு அதிகமாகச் சிரித்தார். கிடங்கில் கூரையைத் தொடும் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு வீட்டு மேசையிலும் போய் உட்காருவதை அவள் பார்த்தாள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மரியாதைக்காரர் இருந்தார்.

மணி அடித்தது.

மூடியைத் திறந்தாள். வெளிப்பக்கம் பொன்னிறத்தில், கோடு கோடாக, பெட்டியில் இருக்கும் படத்தைப் போலவே இருந்தது. "அடேயப்பா" என்றார் அந்த அம்மாள்.

அவள் கத்தியை எடுத்தபோது மேலாளர் அவள் காதருகே குனிந்தார். "ஓரத்துல வெட்டு. நடுவுல வேணாம்."

அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் புகைபோக்கி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியுமோ! ஆறு மாதமாக அவள் யாரிடமிருந்து ஒளித்தாளோ, அந்த மனிதரும் அவளிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் கத்தியை நட்டநடுவில் வைத்து அழுத்தினாள்.

உள்ளே பச்சை இறைச்சியின் சிவப்பு. வெப்பமானியைச் செருகினாள். முப்பத்தெட்டு டிகிரி.

"இது வேகல மேடம்," என்றாள். "ஒரு மணி நேரத்துல வேகாது. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் வேணும். நான் முதல்ல சுட்டுப் பார்த்தப்போ கறி மூணு மணி நேரம் வெளியில கிடந்தது. அதைச் சொல்லாம எழுதிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. தப்பு என்னோடது."

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"குளிர்பெட்டியிலிருந்துன்னு போடச் சொன்னது நான்தான்," என்றார் தரையைப் பார்த்து. "எங்க வீட்டுலயும் மூணு தடவை வச்சுப் பார்த்தோம். வேகல." இந்த ஒரு தடவை 'சரியா' வரவில்லை.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல ஜோடி! பெட்டியை மாத்திட்டு வாங்க, வாங்கறதா வேணாமான்னு அப்புறம் பேசலாம். இந்தப் பொண்ணு இங்கதான் இருக்கணுமா இல்லையாங்கறதும் உங்க பாடு. அது இருக்கட்டும், வெட்டி வச்ச என் கறிக்கு என்ன பதில்?"

"மூடி வச்சா வெந்துடும் மேடம்."

"அப்ப வைங்க. நான் பசியோட போறதா இல்ல."

அவள் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து மூடினாள். பிறகு போய்க் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் ஒரு கிரில் பெட்டியால் முட்டுக்கொடுத்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"யாருப்பா கதவைத் திறந்து வச்சது?" என்று தட்டச்சறையிலிருந்து ஒரு குரல் கத்தியது. "மனுஷன் வேலை பார்க்க வேணாமா?"

அவள் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த அறையில் உட்கார்ந்தாள். கால் அவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.