ரெயின் மோடில் ஒரு சம்மதம்

ரூபினியைக் கட்டிக்கொடுப்பதற்கு முன், ஜீவன் பைக் ஓட்டும் லட்சணத்தைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார் அவள் அப்பா சபாபதி.

பாலோ ஊருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜீவன் ஓரங்கட்டி, திரையில் ‘ஸ்போர்ட்’ என்றிருந்த மோடை ‘ரெயின்’ என்று மாற்றினான்.

“பட்டன அமுக்குனா மழை நிக்குமா தம்பி?”

“நிக்காது அங்கிள். பைக்கு மரியாதையா ஓடும்.”

செம்பனைக் குலை ஏற்றிய லாரி சிந்திய சேற்றில் பின்சக்கரம் வழுக்கியது. ஜீவன் பயப்படுவதற்குள் திரையில் மஞ்சள் விளக்கு மின்னியது, இன்ஜின் தானாகத் தணிந்தது, பைக் நேரானது.

நிறுத்தியதும் சபாபதி இறங்கி, டாங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீயா நிமித்துன?”

“சத்தியமா நான் இல்ல அங்கிள். அதுவேதான்.”

“அலமாக்! சரி, பொண்ண தரேன்லா. இந்த பைக்க மட்டும் வித்துடாத.”