ஒரே டைரக்டரியில் இரண்டு ஊர்

மூன்று வருஷமாக அந்தக் காரைக்கால் அச்சகத்தின் ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரே ராஜா நீலகண்டன்தான். எண்பத்தொன்பதில் தையல்நாயகி வேலைக்குச் சேர்ந்தாள். ராஜாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

விவசாயிகள் சங்க மலருக்கு முந்நூறு உறுப்பினர் படங்கள். ஸ்கேனர் தரும் படத்தைப் பக்கம் கட்டும் புரோகிராம் ஏற்காது. ஒவ்வொன்றையும் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நீலகண்டனுடையது மெனு காட்டும் புரோகிராம். திற, மாற்று, சேமி, அடுத்ததைத் திற. நாளெல்லாம் உட்கார்ந்தால் நாற்பது தேறும். அவளோ, கட்டளை தட்டினால் ஓடும் வேறொன்றைத் தேடிப் பிடித்து, எல்லாப் படத்தையும் வரிசையாக மாற்றச் சொல்லி நாலே வரியில் ஒரு கட்டளைப் பட்டியல், பேட்ச் ஃபைல், எழுதிவிட்டாள்.

"மொத்தமும் தானா மாறிடும்ண்ணே. தப்பு இருக்கான்னு ஒருதரம் பாத்துடுங்களேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சங்கத்தில் ஊருக்கு ஊர் ஒன்றிலிருந்து நம்பர் போடுவார்கள். படங்களுக்கும் அதே நம்பர்தான் பெயர். போலகத்திலும் ஒன்று உண்டு, சுரக்குடியிலும் ஒன்று உண்டு. இவள் மாற்றிய படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரே டைரக்டரியில், ஒரே பெட்டியில் போடுவதுபோல், கொட்டுகிறாள். அதே பெயரோடு பின்னால் வரும் சுரக்குடி, போலகத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் வரப்போகும் புதுக் கம்ப்யூட்டர் யார் பொறுப்பு என்று முதலாளி இந்த வேலையை வைத்துத்தான் முடிவு பண்ணப்போகிறார். மூன்று வருஷம் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் இவன், நேற்று வந்தவளுக்கு அந்த நாற்காலியா? நன்றாக மாட்டிக்கொண்டு முழிக்கட்டும்!

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றான்.

இரண்டாம் நாள் புரூஃப் வந்தது. 'மருதையன், போலகம்' என்ற பெயருக்கு மேலே சுரக்குடி பெரியநாயகி மூக்குத்தியோடு சிரித்தாள். முதலாளி கைலாசநாதன் தாளை மேசையில் அறைந்தார்.

"யாரு பாத்த லட்சணம் இது?"

நீலகண்டனுக்குப் பாயசம் குடித்தாற்போல் இருந்தது.

"என் தப்புதாங்க," என்றாள் தையல்நாயகி. "ஊருக்கொரு டைரக்டரி போட்டு இன்னைக்கே மாத்தித் தந்துடுறேங்க."

"நீலகண்டன்கிட்ட காட்டலியா?"

"காட்டுனேங்க. அண்ணனத் திட்டாதீங்க. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது, பாவம்."

பாவமா! முதலாளியும் அவன் பக்கம் திரும்பி அனுதாபமாகத் தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்தான். முடிந்ததா அவனால்?

"யாருக்குப் புரியாது? எனக்கா?" கத்தியே விட்டான். "போலகம் அழிஞ்சுபோவும்னு பாத்த ஒடனே தெரியும் எனக்கு!"

தையல்நாயகி அவனையே பார்த்தாள்.

"தெரிஞ்சுமா சொல்லல?" என்று கேட்டார் கைலாசநாதன்.