அந்நியக் குரல்

தாயின் குரலைக் குழந்தையின் மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க ஒலிக்கும் அந்நியக் குரல் எப்போதும் அவளுடையதே.

இன்று ஆய்வகத்துக்கு வந்திருந்தது அவளுடைய சொந்த மகள். ஆய்வு முடியட்டும் என்று எட்டு மாதமாக அக்காதான் வளர்க்கிறாள். கம்பிகள் வைத்த தொப்பியோடு, பெரியம்மா மடியில் குழந்தை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அம்மா குரல்னு யாரோடதைடி போடப் போற? பெத்தவளோடதா, பீத்துணி அலசுறவளோடதா?"

"வளர்க்கிறவங்களோடதுதான்க்கா."

அக்காவின் குரலுக்குத் திரையில் மூளை அலை துள்ளி எழுந்தது. அவளுடைய குரலுக்கு, மற்ற குழந்தைகளிடம் போலவே, லேசாக நெளிந்து அடங்கியது.

"போதும், கழட்டு. பிள்ளைக்குத் தலை அரிக்குது."

"இன்னும் ஒரே ஒரு தடவைக்கா."

தன் குரலை மறுபடி ஒலிக்கவிட்டு, இந்த முறை திரையைப் பார்க்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.