பக்கத்துப் படகில் கொடுத்தனுப்பியது

அறுநூற்று முப்பத்தெட்டு யூரோ நாற்பது சென்ட். 'பக்கத்துப் படகு' மன்றம் ஹார்மனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. மன்றம் என்றால் கட்டடமும் நாற்காலியும் கிடையாது. ரைன், மாஸ் ஆறுகளிலும் நடுவிலுள்ள கால்வாய்களிலும் சரக்குப் படகு ஓட்டுகிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம். எங்கே தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, படகுகளை ஏற்றி இறக்கும் எந்த மதகில் கூட்டம், எந்தத் துறையில் குழாய் உறைந்துவிட்டது என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடும். அதற்கான சர்வர் வாடகையை இரண்டு வருடமாக ஹார்மன்தான் தன் கூலியிலிருந்து கட்டி வந்தான்.

இனிமேல் முடியாது. மனைவி ரூலிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிக் கிடக்கிறது. வேரைச் சுத்தம் செய்து மூடி போட்டால் பல்லைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் கேட்ட தொகையும் இந்தப் பாக்கியும் ஏறக்குறைய ஒன்று.

வருடத்தின் கடைசி நாள், பிற்பகல். டோர்ட்ரெக்ட் துறையில் மூன்று படகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. கரையை ஒட்டியிருந்தது ஹார்மன் கூலிக்கு வேலை பார்க்கும் மணல் படகு. முதலாளி பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார். பின்கட்டு அறையில் ரூலி ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திராட்சை போட்ட மாவு உருண்டைகளை எண்ணெயில் திருப்பிக்கொண்டிருந்தாள். துரு சுரண்டிக் காய்த்துப்போன விரலால் ஹார்மன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தான். படகிலேயே பிறந்து, பள்ளிக்கூடம் இருக்கிற ஊர்களில் ஒருநாளும் நிற்காமல் வளர்ந்தவன். எழுதப் படிக்க வந்தது நாற்பதுக்கு மேல்தான்.

"எழுதியாச்சா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"மூடுறேன்னு ஒத்த வார்த்தை. அதுக்கு மத்தியானத்துலேர்ந்து உக்காந்திருக்க. யோவ், என் பல்லு உன்னைவிட வேகமாப் பேசுது."

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடக் கடைசியில் எல்லோரும் வரிசையாக எழுத ஒரு பேச்சுத் திரி திறப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் படகு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லி, அந்த வருடம் தனக்கு உதவின ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பொறுப்பாளர் கடைசியாக எழுதி முடிப்பார். பொறுப்பாளர் ஹார்மன்தான். இந்த முறை முடிக்கிற இடத்தில் மன்றத்தையே மூடுவதாக எழுதப்போகிறான். அக்டோபரில் பணம் கேட்டு ஒரு தடவை எழுதினான். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் பணம் வேறெங்கோ போய்விடுமே என்று பயந்து, "இந்தப் பக்கம் வர்ற படகுல கொடுத்தனுப்புங்க" என்று போட்டிருந்தான். ஒரு காசு வரவில்லை. அந்த ஆத்திரம் உள்ளே கிடந்து புழுங்கியது.

முடிக்குமுன் மற்றவர்கள் எழுதியதைப் படித்தான்.

"லீஜில் கட்டியிருக்கோம். மூடுபனில எங்களுக்கு முன்னால விளக்குப் போட்டுக்கிட்டுப் போன அந்த ஜெர்மன்காரருக்கு நன்றி. அவரு டச்சு பேசுனதைத்தான் மன்னிக்க முடியல."

"மாஸ்பிராக்டில் இருக்கேன். பம்பு கடன் கொடுத்த வூப்கேவுக்கு நன்றி. வூப்கே, பம்பைத் திருப்பிக் கேக்காதீங்க."

"ரூர்மண்டில். ஹார்மன் அண்ணனுக்கு நன்றி. சீட்சே படகுல கொடுத்தனுப்பினது கிடைச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

ஹார்மனின் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. திரையைக் கீழே தள்ளிப் படித்தான். இன்னொருவரும் அதையே எழுதியிருந்தார். "சீட்சே கையில கொடுத்தேன் அண்ணே, கொஞ்சம்தான்." அதற்குக் கீழே மேலும் இரண்டு பேர்.

ஆற்றுக்காரர்களுக்கு வங்கி தெரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு படகுக்காரனுக்குத் தர வேண்டியதை அந்தப் பக்கம் போகிற படகில் கொடுத்துவிடுவதுதான் பழக்கம். கொடுத்ததை ஊருக்குச் சொல்லுவதும் கிடையாது, சொன்னால் பீற்றிக்கொள்வதாகிவிடும். நவம்பரில் டோர்ட்ரெக்டுக்கு வருவதாக இருந்தது சீட்சேயின் படகு ஒன்றுதான். எல்லோரும் அதிலேயே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படகோ தெற்கே ஒரு மதகின் கதவு முறிந்துபோய், இரண்டு மாதமாகக் கால்வாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொருவரும், சீட்சே அதற்குள் வேறு யாரிடமாவது கைமாற்றியிருப்பான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஹார்மன் சீட்சேயைத் தொலைபேசியில் கூப்பிட்டான். வெகு நேரம் அடித்த பிறகுதான் எடுத்தான்.

"சீட்சே, எங்கடா இருக்க?"

"எங்க இருக்கப்போறேன்? அதே சுவரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"மன்றத்துக்காரங்க உன்கிட்ட ஏதாவது கொடுத்தாங்களா?"

அந்தப் பக்கம் சீட்சே தொண்டையைக் கனைத்தான்.

"கொடுத்தாங்க அண்ணே. காப்பித்தூள் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். உன் பாக்கிக்கு மேலயே இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"திட்டணும்னா திட்டிக்க. சரக்கு இல்ல, வருமானம் இல்ல. முதல்ல அறைக்குச் சூடு வைக்க டீசல் வாங்கினேன், அடுத்த வாரம் போட்டுறலாம்னு. வேலைக்கு இருந்த செக் நாட்டுக்காரங்க ரெண்டு பேரு, சம்பளமில்லாம பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வழியில்லாம உக்காந்திருந்தாங்க. டப்பாவுல மிச்சமிருந்ததை அவங்க கையில கொடுத்து பஸ் ஏத்திவிட்டேன். அதனாலதான் மன்றத்துப் பக்கமே தலை காட்டல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா நீ சரின்னு சொல்லிருவ. அப்புறம் ரூலி அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

ஹார்மன் வைத்துவிட்டான். வாயில் நல்ல வசவாக நாலைந்து வந்தன, சொல்லத் தெம்பில்லை. அவனும் அந்த இரண்டு பேரைப் போலக் கூலிக்காரன்தான். நின்றுபோன படகில் சம்பளத்துக்காக முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரூலி அடுப்பை அணைத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அந்த ரெண்டு பேரும் வீடு போய்ச் சேந்தாங்களாமா?"

"கேக்கல."

"மனுசனா நீ? அதை முதல்ல கேக்க வேணாமா?" என்றவள், சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்த கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். "அவன் இனிமே எங்கேருந்து கொடுப்பான்? மதகு திறந்தாலும் வந்த கடனை அடைக்கவே அவனுக்கு ரெண்டு வருசம். விடு. பல்லைப் புடுங்கிக்கிறேன்."

"காப்பாத்தலாம்னு சொன்னாரே."

"புடுங்கினா சல்லிசு. அந்தப் பக்கம் மெல்லாம இருந்தா ஆச்சு. ஆனா ஒண்ணு, அடுத்த வருச வாடகைன்னு ஒரு காசு நம்ம கையிலேருந்து போச்சு, உன் பல்லையும் சேத்துப் புடுங்குவேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கச் சொல்லவில்லை. தூரத்தில் யாரோ நள்ளிரவு வரை பொறுக்க முடியாமல் பொழுதோடேயே வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை எழுதியதை அழித்துவிட்டு ஹார்மன் புதிதாகத் தட்டினான். கணக்கு எண்ணை மட்டும் ரூலி பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தாள்.

"ஹார்மன். டோர்ட்ரெக்டில் கட்டியிருக்கேன். நீங்க கொடுத்தனுப்பினதுக்கு நன்றி, அது கணக்காயிடுச்சு. சீட்சேகிட்ட யாரும் எதுவும் கேக்க வேண்டாம். எனக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. இனிமே படகுல கொடுத்தனுப்பாதீங்க, கீழ இருக்கற கணக்குல போடுங்க. ஜனவரி முடியறதுக்குள்ள வாடகை சேரலைன்னா மன்றம் நின்னுபோகும். நான் கட்ட மாட்டேன். கோபமில்ல, முடியல. இந்த வருசம் என்னோட நன்றி சீட்சேவுக்கு. மதகுல அடைபட்டுக் கிடந்தப்பவும் கூட வேலை செஞ்சவங்களைக் கைவிடாம வீட்டுக்கு அனுப்பினான்."

அனுப்பியதும் பதில்கள் வர ஆரம்பித்தன. லீஜில் இருந்தவர், 'சரி அண்ணே, போட்டுடறோம்' என்றார். வூப்கே தன் பம்பு எங்கே என்று கேட்டாள். சீட்சேயின் பெயருக்குப் பக்கத்தில், அவன் வந்திருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி தெரிந்தது.

ஹார்மன் வரவு செலவுப் பக்கத்தைத் திறந்தான். பாக்கி என்ற இடத்திலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். பூஜ்யம் போட்டான்.