கிணற்றுக்குள் போன குரல்கள்

கோட்டையை எதிரிப் படை வளைத்து நாற்பது நாளாகியிருந்தது. உள்ளே இருந்த ஒரே கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும், அதற்குள்ளிருந்து யாரோ ஆட்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். 'என்ன?' என்று திருப்பிக் கேட்டவர்களுக்கு அந்தக் கணமே பேச்சு போய்விட்டது. முதலில் கொல்லன், அடுத்து வாயில்காவலன்.

மூன்றாவது, கயிறு திரிப்பவளின் நாலு வயது மகன். சரியான வாயாடி. இப்போது வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அவன் அக்கா சிட்டு தண்ணீர் இறைக்கப் போகும்போதெல்லாம், கிணற்றின் அடியிலிருந்து தம்பியின் குரல் "அக்கா, தூக்கு" என்று கெஞ்சியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குடத்தோடு திரும்பிவிடுவாள்.

குரல் அங்கேதான் இருக்கிறதென்றால் போய் எடுத்துவந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் அம்மா விடமாட்டாள். மூன்றாம் நாள் உச்சிவேளையில், அம்மா திரித்து வைத்திருந்த புதுக் கயிற்றைத் தூணில் கட்டி இறங்கினாள்.

தண்ணீர் வற்றிய இடத்தில், சுவரில் ஒரு பொந்து. அதில் வாய் கட்டிய மூன்று கலயங்கள். பக்கத்தில் நாலாவது ஒன்று, வாய் திறந்தபடி காலியாகக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சிட்டு, உள்ளயா இருக்க? ஒரு வார்த்தை சொல்லும்மா."

அம்மாவா, கிணறா? பதில் தொண்டை வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, கலயங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் மோதி உடைத்தாள். கொல்லனின் கனத்த குரல் காதை உரசிக்கொண்டு மேலே போனது. காவலனுடையது இருமியபடி போனது. தம்பியின் குரல் மட்டும் அவள் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. காலிக் கலயத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஏறும்போதும் அம்மாவின் குரல் விடாமல் அழைத்தது, அழுதது, கம்மிப்போனது. சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

மேலே அம்மா ஒரு காலைக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் போட்டு, இறங்கத் தயாராக இருந்தாள். கூப்பிட்டது அவளேதான். அடிக்கக் கை ஓங்கியவள் மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நீ இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன்டி."

மூன்று நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டு தம்பி தெருவில் ஓடிவந்தான். அன்று முழுக்க அவனை யாரும் அடக்கவில்லை.

சிட்டுதான் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். படை பின்வாங்கி, கோட்டைக் கதவு திறந்த பிறகும், யார் கூப்பிட்டாலும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.