கல்பாலம் ஆலைக்கு நாற்பத்தொரு கடிதங்கள்

பொய் எழுதியது நான்தான். நகைக்கடை மகேந்திரராசாவுக்கு அதில் பங்கில்லை. முப்பத்திரண்டு வருடம் பிரெஞ்சு வரி அலுவலகத்தில் கடிதம் எழுதியே தேய்ந்தவள் நான். எந்தக் கடிதத்துக்குப் பதில் வரும், எது குப்பைக் கூடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே இருக்கும் நியாயத்தை யாரும் படிப்பதில்லை, மேலே இருக்கும் தலைப்பைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் "எம்.ஆர். நகை மாளிகை, லா சப்பல்" என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் "எம்.ஆர். நிறுவனம், எடை மற்றும் தரச் சோதனைப் பிரிவு, பாரிஸ்" என்று அடித்தேன்.

அது 2006. என் தோட்டின் திருகாணி தேய்ந்துபோய், அதை மாற்ற அவருடைய கடைக்குள் முதல் தடவை நுழைந்தேன். பொன் நிறுக்கிற தராசில் ஒரு சிவப்பு ரப்பர் தாள் கிடந்தது. புதுச்சேரியில் பள்ளிக்கூட நாளிலிருந்தே மேசைப்பந்து ஆடுகிறவள் நான். மட்டையில் ஒட்டுகிற தாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நகைக்கடைக்காரர் ஏன் அதை அப்படி முறைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் விளங்கவில்லை.

"அக்கா, இதைப் பாருங்கோ," என்றார், என்னைப் பல வருடம் தெரிந்தவர் மாதிரி. "அறுபத்தெட்டு கிராம், தசம் பூச்சியம் எண்டு பேனையாலை எழுதிவிட்டிருக்கிறாங்கள். என்ரை தராசு அறுபத்தெட்டு தசம் நாலு காட்டுது. பவுணிலை நான் இப்பிடிச் செய்தா சனம் வந்து கடையை உடைக்கும்."

"ரப்பர்தானே, அரை கிராம் கூட வந்தா என்னங்க?"

"எழுதாமல் விட்டிருந்தா நான் ஏன் கேக்கிறன்? எழுதினா சரியா இருக்க வேணும். இதைச் செய்தது சீனாவிலை கல்பாலம் எண்ட ஆலை, அங்கை எழுதிக் கேக்கப்போறன். எனக்குப் பிரெஞ்சு கதைக்க மட்டும்தான் வரும்."

அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தால் இரண்டு நாட்டுக்கும் உறவு முறிந்திருக்கும். "விசரங்கள்", "கண் பொட்டையோ" இவற்றையெல்லாம் வடிகட்டிவிட்டு, "எடைக் குறிப்பில் காணப்படும் முரண்பாடு பற்றி" என்று பொருள் போட்டு, தலைப்பில் என் சோதனைப் பிரிவையும் அதன் கீழே கடை முகவரியையும் ஏற்றி, நகைச் சீட்டில் அவர் குத்தும் வட்ட முத்திரையையும் குத்தி அனுப்பினோம். திருகாணிக்கு என்னிடம் அவர் காசு வாங்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை மார்க்ஸ் டோர்முவா பக்கத்து விளையாட்டு மண்டபத்துக்கு ஆட வரச் சொன்னார், போனேன், மூன்று ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வினேன்.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. யாங்சே ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரத்திலிருந்து, யாரோ பள்ளி ஆசிரியரைப் பிடித்துத் தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். மழைக்காலத்து ஈரத்தில் எங்கள் தராசு குறைத்துக் காட்டுவதைக் கண்டுபிடித்தோம், கிடங்கில் இருந்த பதினோராயிரம் தாள்களையும் திரும்ப நிறுத்து, பழைய எண்ணை அடித்துப் புதிதாக எழுதிவிட்டோம், நன்றி. நான் இரண்டு தடவை படித்தேன். என் அலுவலகத்தில் ஒரு ஆளுடைய முகவரியை மாற்றுவதற்கே பதினான்கு மாதம் எடுப்போம்.

அதன் பிறகு மகேந்திரராசா விடுவாரா? வருடத்துக்கு இரண்டு தாள் மாற்றுவார், இரண்டு குற்றம் கண்டுபிடிப்பார், இரண்டு கடிதம் போகும், சில வருடம் மூன்று. ஓரத்தில் தடிப்பு மாறுகிறது. நடுவில் ஊசிமுனை அளவு குமிழி. உறையைத் திறந்ததும் வாசம் போன தடவை மாதிரி இல்லை. ஒன்றுவிடாமல் பதில் வந்தது, ஒவ்வொரு பதிலிலும் அந்த ஆலையின் கதையில் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

கல்பாலம் ஆலை ஆரம்பத்தில் செய்தது மழைச் சப்பாத்தும் சைக்கிள் டியூபும்தான். அறுபதுகளில் மேசைப்பந்து ரப்பர் செய்து தரச் சொல்லி அவர்களிடம் கேட்டார்கள். வெளிநாட்டு மெத்தென்ற பஞ்சு ரப்பர் கையில் கிடையாது, கிடைத்ததெல்லாம் செங்கல் மாதிரி இறுகியது. அதில் பந்து சுழலாது. கலவைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண், அடித்தளம் இப்படி இருந்தால் மேல்தோலாவது பந்தைப் பிடித்து வைக்கட்டும் என்று சொல்லி, மூன்று குளிர்காலம் ரப்பர் பாலோடு மல்லுக்கட்டி, தொட்டால் ஒட்டுகிற ஒரு தோலைச் செய்துவிட்டாள். எட்டாவது முயற்சி என்பதால் எட்டாம் எண் என்றே பெயர். பந்தின்மேல் தாளை அழுத்தித் தூக்கினால் பந்தும் கூடவே எழுந்து வரும். விழாமல் எத்தனை எண்ணும்வரை தொங்குகிறது என்பதுதான் அவர்களுடைய பரீட்சை. பனிக்காலத்தில் தாள் விறைத்துவிடக் கூடாது என்று தொழிலாளர்கள் தங்கள் பஞ்சுப் போர்வையைத் தாளுக்குப் போர்த்திவிட்டு, நனைந்த கோட்டோடு வீட்டுக்குப் போவார்களாம்.

எண்பதுகளின் நடுவில், மட்டையின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்று உலகச் சட்டம் வந்தது. சிவப்புச் சாயம் கலந்ததும் ஒட்டும் குணம் செத்துப்போனது. மற்றவர்கள் கிடைத்ததை விற்றார்கள். கல்பாலம்காரர்கள் இரண்டு வருடம் சிவப்புத் தாளே வெளியே விடவில்லை. பாதிக் கூடம் மறுபடியும் சப்பாத்து செய்தது. சரியான சிவப்பு வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். 2008 ஒலிம்பிக் முடிந்த கையோடு தாளை மட்டையில் ஒட்டும் கரைப்பான் கலந்த பசைக்குத் தடை வந்தபோதும் இதே பிடிவாதம், இதே காத்திருப்பு. மறைப்பானேன், எனக்கு அந்த ஆலைமேல் காதலே வந்துவிட்டது. மகேந்திரராசாவுக்கு அது எப்போதோ வந்திருந்தது, ஆனால் குற்றம் சொல்லித்தான் அவருக்குக் காட்டத் தெரியும்.

காதல் மட்டுமில்லை, அவருக்கு எட்டாம் எண் தேவையாகவும் இருந்தது. 2011இல் கடைப் படியில் வழுக்கி வலது தோள் உடைந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சை. கை தோளுக்கு மேலே எழும்பாது, வீச்சும் கிடையாது. இனி மட்டையைத் தொடாதே என்றார் மருத்துவர். மனுஷன் கேட்கவில்லை. எட்டாம் எண் மெதுவான ரப்பர், ஒட்டுகிற ரப்பர். பந்து வந்து ஒரு கணம் அதில் தங்கும், அந்தக் கணத்தில் மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும். வேறு எந்தத் தாளிலும் அவரால் ஆட முடியவில்லை, ஆறேழு வகை ஒட்டிப் பார்த்துக் கழற்றி எறிந்துவிட்டார். "கிழமையிலை ஆறு நாள் சனத்துக்கு, வியாழக்கிழமை பின்னேரம் எனக்கு," என்பார். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் அந்த மனிதரிடம் பேசவே முடியாது என்பது எனக்குத் தெரியும்.

போன செப்டம்பரில் அவர்களிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. பழைய எட்டாம் எண்ணை நிறுத்திவிட்டு, புதிய இயந்திரத்தில் புதிய எட்டு செய்யலாமா என்று ஆலைக்குள் விவாதம். பழைய தொழிலாளர்கள் பழையதே தரம் என்கிறார்கள், பொறியாளர்கள் புதியது என்கிறார்கள், பாதிக்குப் பாதி. ஆகவே பத்தொன்பது வருடமாக எங்களைச் சோதித்துவரும் பாரிஸ் சோதனைப் பிரிவு எதைச் சொல்கிறதோ அதுவே முடிவு. தரப் பகுதித் தலைவி திருமதி ஷூ இரண்டு தாள்களோடு உங்கள் சோதனைக்கூடத்துக்கு நேரில் வருகிறார்.

என் பொய் மாட்டப்போகிறதே என்று பயந்துகொண்டே அதைப் படித்துக் காட்டினேன். மகேந்திரராசா சந்தோஷமாகச் சிரித்தார். "பழசை அடிக்க ஒரு சாமான் இருக்கோ? பழசுதான் திறமெண்டு சொல்லுவம். முடிஞ்சுது அலுவல்."

குறித்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குட்டை முடி வெட்டிய ஒரு பெண்மணி கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழிவிட்டு ஒதுங்கியது. அவர் நிமிர்ந்து நின்று பிரெஞ்சில் சொன்னார்: "மேற்படி விடயம் தொடர்பாக நான் இன்று மூன்று மணிக்கு வந்து சேர்ந்திருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதில் பெருமையடைகிறேன்."

அது என் பிரெஞ்சு. சொல்லுக்குச் சொல் என் வரி அலுவலகப் பிரெஞ்சு. முதல் நாலைந்து கடிதத்துக்குப் பிறகு, ஆசிரியரை நம்பியிருக்க வேண்டாம் என்று, எங்கள் கடிதங்களைப் பாடப்புத்தகமாக வைத்தே இவர் பிரெஞ்சு படித்திருக்கிறார்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே ஒப்புக்கொண்டேன். சோதனைப் பிரிவு என்று ஒன்றும் கிடையாது மேடம், இது நகைக்கடை, தலைப்பு நான் போட்ட பொய்.

திருமதி ஷூ வளையல் அடுக்கையும் சங்கிலிகளையும் நிதானமாகப் பார்த்தார். "தராசு எங்கே?" என்று மட்டும் கேட்டார். மகேந்திரராசா காட்டினார். தன் பையிலிருந்து ஒரு சின்னப் படிக்கல்லை எடுத்து வைத்து, எண்ணைப் படித்து, "சரியாக இருக்கிறது," என்றார். பொய் விவகாரம் அத்தோடு முடிந்தது.

பிறகு பெயரில்லாத இரண்டு வெள்ளை உறைகளை மேசையில் வைத்தார். எது பழையது, எது புதியது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உறையைத் திறந்ததுமே மகேந்திரராசாவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்துவிட்டது. இடது கைப் பக்கம் பழையது.

இரண்டையும் நிறுத்தார். தகட்டின் தடிப்பு அளக்கும் கருவியால் ஒவ்வொன்றையும் ஐந்து இடத்தில் அளந்தார். பழையதில் ஐந்து இடத்துக்கு ஐந்து வேறு எண். புதியதில் ஐந்து இடத்திலும் ஒரே எண். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குமிழி தேடினார், புதியதில் கிடைக்கவில்லை. பந்தை அழுத்தித் தூக்கினார். பழையது ஒன்பது எண்ணும்வரை தாங்கியது. புதியது பதினாலு. கடைசியாக இரண்டிலும் பந்தைத் தட்டிப் பார்த்தார். தோல் ஒட்டினாலும் புதியதின் அடித்தளத்துக்கு விசை அதிகம், பந்து இரண்டு விரற்கடை கூடுதலாகத் துள்ளியது, பட்டதும் பறந்தது. அந்தத் துள்ளலைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. நல்ல தோள் உள்ளவனுக்கு அது வரம். இவருடைய கைக்கு ஆகாது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பழசுன்னே சொல்லிடுங்க மகேந்திரராசா," என்றேன் தமிழில். "அவங்களுக்குத் தமிழ் தெரியாது. பாதிப் பேரு அங்கயும் அதைத்தானே சொல்றாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அக்கா, பத்தொன்பது வருசமா அரைக் கிராமுக்கும் கால் கிராமுக்கும் அவையளைப் பிடிச்சு உலுப்பினனான். இண்டைக்கு எனக்குத் தேவையெண்டவுடனை தராசைச் சாய்க்கிறதோ?"

"அப்ப உங்க தோளைப் பத்தியாவது நான் சொல்றேன்."

"சொன்னீங்களோ, இனி உங்களோடை கதைக்கவே மாட்டன்."

வலது பக்கத்துத் தாளை எடுத்துத் திருமதி ஷூவின் கையில் கொடுத்தார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "இது நல்லது. மிக நல்லது. மற்றது இதுக்குக் கிட்ட வராது," என்றார். பழைய தாளைத் தானே உறைக்குள் போட்டு மூடினார்.

திருமதி ஷூ அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார், இந்த முறை என் அலுவலகப் பிரெஞ்சு இல்லாமல், எளிதாக: "நாற்பத்தொரு கடிதம். இயந்திரம் வாங்குவதற்கு முன் அவற்றைச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். ஒவ்வொரு குற்றமாகத் தீர்த்த பிறகுதான் இதைச் செய்தோம். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்." தலை தாழ்த்தி வணங்கினார். மகேந்திரராசா என்ன செய்வது என்று தெரியாமல், வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே ஓடினார்.

எட்டாம் எண் டிசம்பரோடு நின்றது. சேர்த்து வைத்தும் பயனில்லை, வருடம் போனால் அந்தத் தோல் உலர்ந்துவிடும். அவரிடம் இருந்த கடைசித் தாள் மார்ச் மாதம் வழுக்கத் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை புதிய எட்டை ஒட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

பதினொன்றுக்கு மூன்று. பதினொன்றுக்கு நான்கு. பதினொன்றுக்கு இரண்டு. அவர் தொட்டதெல்லாம் பறந்தது. மணிக்கட்டைத் திருப்புவதற்குள் பந்து மேசையைத் தாண்டியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் அவரை ஜெயித்தது அன்றைக்குத்தான். எத்தனை வியாழக்கிழமை அதற்காக ஏங்கியிருக்கிறேன், எத்தனை தடவை மட்டையை மேசையில் அடித்திருக்கிறேன்! அந்த மூன்று ஆட்டத்தையும் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"போதுங்க, உக்காருங்க," என்றேன்.

அவர் உட்காரவில்லை. மட்டையை விளக்குக்கு நேரே சரித்து, அந்தச் சிவப்பைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்கூட இல்லை. புது மாப்பிள்ளையை முதல் தடவை பார்க்கிற மாமனார் மாதிரி ஒரு பெருமிதம்தான் இருந்தது.

"என்ன சாமான் செய்திருக்கிறாங்கள், பாருங்கோ அக்கா," என்றார். "ஒரு பிழை சொல்ல ஏலாது. போடுங்கோ, இன்னொண்டு விளையாடுவம்."

போட்டேன். அவர் தொட்ட பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்சுவரில் மோதியது. அதை எடுக்கப் போகிற சாக்கில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நான் அழுதேன்.