நாரத்தைத் தோல் உப்பு

முந்தாநாள் அத்தான் நாரத்தைத் தோலின் உள்வெள்ளையைச் சுரண்ட என்னுடைய ரொட்டிக் கத்தியைத்தான் எடுத்துக்கொண்டார். முன்னால் மருந்துக்கடையில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள், இவர் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏரிக்கரை ஊரான எங்கள் லெந்தினியில் ஏரிக்காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. அத்தானின் மனைவி, என் அக்கா நுன்சியாவை அது பிடித்து இரண்டு மாதமாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக் குளிரும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு படுக்கை நனைய வியர்க்கும். இன்னும் ஒரு முறை வந்தால் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை இன்று மதியம்.

காய்ச்சலைக் கசப்புதான் விரட்டும் என்பது எங்கள் ஊரில் கழுதை ஓட்டுகிறவனுக்கும் தெரியும். பிரான்சில் யாரோ, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மரப்பட்டையின் கசப்பை மட்டும் தனியே உப்பாக எடுத்துவிட்டார்களாம். அந்த உப்பு எங்கள் கடையிலும் ஒரு சிமிழ் இருந்தது, தீர்ந்துபோயிற்று. கொள்ளைநோய்ப் பயத்தில் கட்டானியா துறைமுகத்துக்குள் ஒரு கப்பலையும் விடவில்லை. நாரத்தைத் தோல் கஷாயத்தை அக்கா குடம் குடமாகக் குடித்தாள். ஒரு பலனும் இல்லை.

"கஷாயத்துல கசப்பு தண்ணியா நீத்துக் கெடக்கு வீத்தா. அதையே திரட்டி ஒரு சிட்டிகைக்குள்ள கொண்டுவந்துட்டா போதும், எந்திரிச்சு உக்காந்துருவா" என்றார் அத்தான்.

"அதுக்குள்ள உங்க சாராய நெடியில தெருவே மயங்கி விழுந்துரும். சாமியார் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறாரு."

எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை.

தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினார். வடித்ததில் புளிக்காடி ஊற்றினார். அடியில் மஞ்சளாக ஏதோ படிந்தது. அதைத் தண்ணீரில் அலசினார், சாராயத்தில் அலசினார், மறுபடி காய்ச்சினார். ஒவ்வொரு தடவையும் பழுப்பாகக் கழிந்த நீரை முற்றத்துச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார். இரண்டு நாளாகக் கசப்பை நக்கி நக்கி அவர் நாக்கே மரத்துப்போயிருந்தது. நடுவில் ருசி பார்ப்பதையே விட்டுவிட்டார். இன்று காலை தட்டில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாய் அந்த உப்பு நின்றது. இவ்வளவு அழகாக ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விரல்நுனியில் கொஞ்சம் ஒற்றி நாக்கில் வைத்தார். முகம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தார்.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு. நீ பாரு வீத்தா."

பார்த்தேன். சுவர்ச் சுண்ணாம்பை நக்கினது போல இருந்தது.

"கசக்குதா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. "இல்ல அத்தான். ஒண்ணுமே இல்ல."

அவர் முற்றத்துச் சாக்கடையைப் பார்த்தார்.

"அந்தப் பழுப்புத் தண்ணியை அழுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

திரும்பவும் தொடங்க நேரமில்லை. உள்ளே அக்காவின் நகங்கள் நீலம் பாய ஆரம்பித்துவிட்டன. ஆனாலும் அத்தான் அந்த உப்பை ஒரு கரண்டியில் அள்ளிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"வாயைத் திற நுன்சியா."

அவள் விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள். "அய்யோ... என்னங்க இது, இந்தக் கசப்புக் கசக்குது!"

அத்தான் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "கேட்டியா வீத்தா? கேட்டியா?" தண்ணீர்க் குவளையை எடுத்து அவள் உதட்டில் வைத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தத் தண்ணியும் கசக்குதுங்க."

அவளுக்குப் பல் அடிக்கத் தொடங்கியது. நான் இருக்கிற கம்பளியையெல்லாம் இழுத்து அவள்மேல் போட்டேன். அத்தான் அசையவில்லை. குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் வாயில் ஊற்றி, விழுங்காமல், கண்ணை மூடிக்கொண்டு, கசப்பைத் தேடுகிறவர்போல அப்படியே வைத்திருந்தார்.